ஐந்தடி உயரத்துக்கு ஒரு மவுன்டன் பைக் (எம்டிபி): ட்ரெக் மார்லின், எஸ் சைஸ்

"எம் சைஸ்தான் ஸ்டாக் இருக்கு, சீட்டை இறக்கிக் கொடுத்துடறோம்." ஐந்தடி உயரத்தோடு சைக்கிள் கடைக்குள் போனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இது. சீட்டை இறக்கினால் சீட்டு மட்டும்தான் இறங்கும். ஹேண்டில்பார் கிட்டே வராது, காலுக்கு நடுவே இருக்கும் பார் தாழாது, பெடலைத் தாங்கும் கிராங்க் குட்டையாகாது. ஆறு மாதம் கழித்துக் கழுத்தும் மணிக்கட்டும் வலித்து, "எனக்கு எம்டிபி ஒத்துவரவில்லை" என்று அந்த சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடும் கொடியாகிவிடும். தப்பு ஓட்டியவரிடம் இல்லை, ஃப்ரேமில்.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ. அதாவது ஐந்தடி. அப்படியிருந்தும் நம்மூரில் விற்கும் எம்டிபிகளில் பல ஒரே ஃப்ரேம் அளவில், 17 அல்லது 18 அங்குலத்தில், "எல்லாருக்கும் பொருந்தும்" என்ற ஸ்டிக்கரோடு வருகின்றன. சின்ன ஃப்ரேமைச் சரியாக யோசித்துச் செய்திருக்கும் சைக்கிள்கள் குறைவு. அதில் எளிதாகக் கிடைப்பது ட்ரெக் கம்பெனியின் மார்லின். அதன் எஸ், எக்ஸ்எஸ் அளவுகளை 150 முதல் 160 செ.மீ. வரை உயரமுள்ளவரின் கண்ணோடு பார்த்து எழுதியது இது.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். எஸ் சைஸ் மார்லின் நல்ல தேர்வு. கையில் காசு இருந்தால் மார்லின் 5-ஐ விட்டு மார்லின் 7-க்குப் போங்கள். காரணம் கியர் இல்லை, முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க். எதை வாங்கினாலும் கிராங்க், ஸ்டெம் (ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் துண்டு), பிரேக் லிவர் இந்த மூன்றையும் சரிசெய்யாமல் சைக்கிளைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள்.

உயரத்தை விட உள்கால் அளவு முக்கியம்

சுவரோரம் வெறுங்காலோடு நின்று, இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் விட்டு, கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைச் சுவரில் ஒட்டியபடி தொடைகளுக்கு நடுவே நன்றாக மேலே ஏற்றுங்கள். சீட்டு அழுத்துகிற அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும். புத்தகத்தின் மேல் ஓரத்திலிருந்து தரை வரை உள்ள தூரம்தான் உங்கள் அளவு. தையல்காரர் பேன்ட்டுக்கு எடுக்கும் அளவு இதைவிடக் குறைவாக வரும், அதைக் கொண்டுபோகாதீர்கள். 152 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது 68 முதல் 71 செ.மீ. வரை வரலாம். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு 3 செ.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம். அதனால்தான் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் உயர அட்டவணையை மட்டும் நம்பக் கூடாது.

கடையில் ஷூ போட்டபடி சைக்கிளைக் காலுக்கு நடுவே வைத்து, சீட்டுக்கு முன்னால் நின்று, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். பார் உடம்பைத் தொடும் நேரத்தில் சக்கரம் 5 செ.மீ.யாவது எழும்பியிருந்தால் அந்த ஃப்ரேம் சரி. கரடுமுரடான பாதையில் திடீரென்று கால் ஊன்றும்போது தரை சமமாக இருக்காது, ஒரு கால் பள்ளத்தில் போகும். அந்த 5 செ.மீ. அதற்குத்தான்.

மார்லினின் இரண்டாம் தலைமுறையில் எஸ் என்பது 15.5 அங்குலம், எக்ஸ்எஸ் என்பது 13.5 அங்குலம். மூன்றாம் தலைமுறையில் முன்கோணத்தை (ஃப்ரேமின் தலைக்குழாய் சாயும் கோணத்தை) 66.5 பாகையாகப் படுக்க வைத்து, ஃப்ரேமையும் நீட்டினார்கள். சின்ன அளவுகளில் மேல் குழாயை வளைத்துத் தாழ்த்தியும் கொடுத்தார்கள். நிற்பதற்கு வசதி கூடியது, எட்டிப் பிடிக்க வேண்டிய தூரமும் கூடியது. ஆகவே, "போன வருஷம் என் தங்கை எஸ் வாங்கினாள், சரியாக இருந்தது" என்ற பேச்சு வேறு தலைமுறைக்குப் பொருந்தாது. எஸ்ஸுக்கும் எக்ஸ்எஸ்ஸுக்கும் நடுவில் தடுமாறினால், கை நீளமாக உள்ளவர் எஸ், மற்றவர் எக்ஸ்எஸ். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பது மாதிரி ஒரு அளவு பெரிதாக எடுப்பது எம்டிபியில் செல்லாது.

27.5 சக்கரம்

மார்லினில் மெச்சத்தக்க விஷயம் இதுதான். எம் அளவிலிருந்து மேலே 29 அங்குலச் சக்கரம், எஸ்ஸுக்கும் எக்ஸ்எஸ்ஸுக்கும் 27.5. "29 தான் இப்போ ஓடுது, 27.5 பழசு" என்று கடைக்காரர் சொன்னால் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 29 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., 27.5-ல் 584 மி.மீ. இரண்டிலும் ஒரே 2.25 டயர் போட்டால் மொத்த விட்டம் 736-ம் 698-ம் வரும். ஆரத்தில் 19 மி.மீ. வித்தியாசம். முன்னால் ஹேண்டில்பார் அந்த 19 மி.மீ. உயரும், சின்ன ஃப்ரேமில் அதைத் திரும்பக் கீழே கொண்டுவர இடமே இருக்காது. பின்னால் டயரின் உச்சி முழு விட்ட வித்தியாசமான 38 மி.மீ. உயர்ந்து உங்கள் இடுப்பை நெருங்கும். செங்குத்தான இறக்கத்தில் உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளும்போது, கால் நீளமானவருக்கு அது தெரியாது. குட்டையானவரின் டிரவுசரை டயர் உரசும். இன்னொன்று, மெதுவாக வளையும்போது பெடலில் இருக்கும் பாதத்தின் நுனி முன்டயரில் இடிப்பது. சின்ன ஃப்ரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்த சைக்கிள்களில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

29 சமதளத்தில் வேகமாக உருளும், கல்லைச் சுலபமாகத் தாண்டும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் உடம்பு அந்தச் சக்கரத்தைக் கட்டுப்படுத்துகிற நிலையில் இருந்தால்தான் அந்த லாபம் கைக்கு வரும்.

5-ஆ, 7-ஆ?

5-ல் இருப்பது உள்ளே கம்பிச்சுருள் வைத்த சன்டூர் ஃபோர்க். 7-ல் இருப்பது காற்றழுத்தத்தில் இயங்கும் ராக்‌ஷாக்ஸ் ஜூடி. 75 கிலோ ஆளுக்கு இந்த வித்தியாசம் ஒரு சொகுசு. 48 கிலோ ஆளுக்கு இதுதான் ஃபோர்க் இருக்கிறதா இல்லையா என்பதையே தீர்மானிக்கும்.

ஆரம்ப விலை ஃபோர்க்குகளின் சுருளை 70, 80 கிலோ எடையை மனதில் வைத்துத்தான் போடுகிறார்கள். மேலே நீலமாகவோ கறுப்பாகவோ ஒரு குமிழ் இருக்கும். அதை முழுக்கத் தளர்த்தினால் மெத்தென்று ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆகாது. அந்தக் குமிழ் சுருளை ஆரம்பத்திலேயே கொஞ்சம் அழுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். சுருளின் விறைப்பு அதேதான். விறைப்பு குறைய வேண்டுமானால் சுருளையே மாற்ற வேண்டும். சில சன்டூர் மாடல்களுக்கு மென்மையான சுருள் தனியாக உண்டு. ஆர்டர் பண்ணி வரவழைக்க வேண்டும், பக்கத்துக் கடையில் தொங்காது.

சோதிப்பது எளிது. ஃபோர்க்கின் மேல் குழாய் ஒன்றில் ஒரு மெல்லிய கேபிள் டை கட்டி, அதைக் கீழே ரப்பர் சீல் வரை தள்ளி விடுங்கள். ஃபோர்க்கை அசையாமல் பூட்டும் லாக் திறந்திருக்கட்டும். வழக்கமான பையோடு மெதுவாக ஏறி, பெடலில் நின்றபடி ஒரு நிமிடம் அசையாமல் இருந்து, குதிக்காமல் இறங்குங்கள். கேபிள் டை நகர்ந்திருக்கும் தூரம், 100 மி.மீ. ஃபோர்க்கில் 20 முதல் 25 மி.மீ. வரை இருக்க வேண்டும். அடுத்து அதே கேபிள் டையோடு கல் பாதையில் ஒரு சுற்று போய் வாருங்கள். 40, 50 மி.மீ.யில் நின்றுவிட்டால், நீங்கள் காசு கொடுத்த 100-ல் பாதியைப் பயன்படுத்தவே இல்லை. மீதிப் பாதி மணிக்கட்டுக்குள் இறங்கியிருக்கிறது.

காற்று ஃபோர்க்கில் இதே சோதனையைச் செய்து, அதற்கென்றே உள்ள ஷாக் பம்பால் ஐந்து ஐந்து பிஎஸ்ஐயாகக் குறைத்துக்கொண்டே வரலாம். டயருக்குக் காற்றடிக்கும் பம்பை இதில் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு மிகச் சிறியது. ஃபோர்க் காலில் ஒட்டியிருக்கும் எடை அட்டவணை ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. அழுத்தம் குறையும்போது ஃபோர்க் திரும்பி எழும் வேகமும் குறையும். எனவே அடியில் இருக்கும் ரீபவுண்ட் குமிழை வேகப் பக்கம், முயல் படம் இருக்கும் பக்கம், ஓரிரு கிளிக் திருப்ப வேண்டும். இதை மறந்தால் அடுத்தடுத்து மூன்று கற்கள் வரும்போது ஃபோர்க் எழுந்து வர நேரமில்லாமல் அமுங்கியபடியே நிற்கும். ஊட்டியின் அதிகாலைக் குளிரில் எண்ணெய் தடித்து இது இன்னும் மந்தமாகும்.

அழுத்தத்தைக் குறைத்தும் கடைசி 20, 30 மி.மீ. வரவில்லை என்றால், காற்றறைக்குள் இடத்தைக் குறைக்கும் பிளாஸ்டிக் டோக்கன் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஒன்றைக் கழற்றலாம். மூடியைத் திறக்கும் முன் காற்றை முழுக்க வெளியேற்றியாக வேண்டும். இல்லையென்றால் மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி எழும்பும்.

"5-ஐ வாங்கி அப்புறம் ஃபோர்க் மாற்றிக்கொள்கிறேன்" என்ற திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். நல்ல காற்று ஃபோர்க்குகள் பெரும்பாலும் கீழே அகலும் ஸ்டியரர் குழாயோடும் (ஃப்ரேமின் தலைக்குழாய்க்குள் நுழையும் தண்டு), 15 மி.மீ. த்ரூ ஆக்ஸிலோடும் (சக்கரத்தை ஊடுருவும் தடித்த அச்சு) வருகின்றன. உங்கள் ஃப்ரேமின் தலைக்குழாய் அதை ஏற்குமா, முன் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) 9 மி.மீ. குயிக் ரிலீஸா என்று பார்த்தால், ஃபோர்க்கோடு சக்கரமும் மாற்ற வேண்டிவரும். 5-க்கும் 7-க்கும் உள்ள விலை வித்தியாசத்தை அது ஒரேயடியாக விழுங்கிவிடும்.

கிராங்க்: யாரும் பேசாத பாகம்

எம்டிபியில் கிராங்க் 170 அல்லது 175 மி.மீ. நீளத்தில் வருகிறது. ஆறடி ஆளுக்கும் அதே, ஐந்தடி ஆளுக்கும் ஏறக்குறைய அதே. உள்கால் 69 செ.மீ. உள்ளவர் 170 கிராங்கைச் சுற்றும்போது பெடல் உச்சிக்கு வரும் நேரத்தில் முழங்கால் வயிற்றை நோக்கி ஏறும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். "சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்கிறது" என்பதன் காரணம் பல நேரம் இங்கேதான். 150 முதல் 160 மி.மீ. வரை உள்ள கிராங்க் இவர்களுக்குப் பொருந்தும். 155-ஐ எடுத்துக்கொள்வோம்.

இந்த 15 மி.மீ. மூன்று காரியம் செய்கிறது. முழங்கால் மடங்குவது குறைகிறது. பெடல் பாறையில் தட்டுவது குறைகிறது, ஏனென்றால் கீழே 15 மி.மீ. இடைவெளி கூடுகிறது. சீட்டை 15 மி.மீ. உயர்த்தலாம், இது ஏன் முக்கியம் என்பது ட்ராப்பர் பகுதியில் வரும். விலையாகக் கொடுப்பது நெம்புகோல் பலம்: கிராங்க் 9 சதவீதம் குட்டையானால் அதே ஏற்றத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். இதை ஈடுகட்ட முன் செயின்ரிங்கை (கிராங்கோடு சுழலும் பல்சக்கரத்தை) சிறிதாக்குங்கள். 32 பல் இருந்தால், 32 × 155 ÷ 170 = 29.2. ஆக 30 பல். ஊட்டிப் பக்கத்துக் கல்லட்டி மாதிரி ஏற்றத்தில் இந்த இரண்டு பல் பெரிய விஷயம். கிராங்கை மட்டும் மாற்றி செயின்ரிங்கை விட்டுவிட்டு, "சின்ன கிராங்க் போட்டதும் ஏறவே முடியவில்லை" என்று சொல்பவர்கள் செய்த தவறு இதுதான்.

கிராங்க் வாங்கும் முன் பிபி (ஃப்ரேமுக்குள் கிராங்கின் தண்டு சுழலும் பகுதி) எந்த வகை என்று பாருங்கள். விலை குறைந்த மாடல்களில் சதுர முனை, மற்றவற்றில் உள்ளீடற்ற 24 மி.மீ. தண்டு அல்லது வேறு வகை. ஷிமானோவின் எஸ்எல்எக்ஸ் எம்7100 வரிசை 165 வரை வருகிறது, அதற்குக் கீழே போவதில்லை. 150, 152, 155 வேண்டுமென்றால் சதுர முனையில்தான் மலிவாகக் கிடைக்கும். சிறுவர் எம்டிபிக்கான 152 கிராங்க் தாராளமாகப் போதும், தரமான அலாய் ஆக இருந்தால்.

சதுர முனைக் கிராங்கை மாற்றுவது அரைமணி வேலை. 15 மி.மீ. ஸ்பேனரால் பெடல்களைக் கழற்றுங்கள். இடது பெடலுக்குத் தலைகீழ் மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். கிராங்க் போல்ட்டை 8 மி.மீ. ஆலன் கீயாலோ 14 மி.மீ. சாக்கெட்டாலோ எடுங்கள். அடியில் வாஷர் இருந்தால் அதையும் எடுங்கள். இல்லாவிட்டால் புல்லர் (கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவி) அதன்மேல் அழுத்தி எல்லாம் நாசமாகும். புல்லரைக் கையாலேயே கடைசி மரை வரை முறுக்கிய பிறகுதான் ஸ்பேனர் வைக்க வேண்டும். இரண்டு மரையில் நிறுத்திவிட்டு அழுத்தினால் கிராங்கின் மரை உரிந்து கையோடு வந்துவிடும். பிறகு கிராங்கை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புதியதை ஏற்றும்போது தண்டைச் சுத்தமாகத் துடைத்து, 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் குத்துமதிப்பாக இறுக்கிக் கொடுப்பார்கள். 30 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தளர்ந்த கிராங்கோடு ஒரு ஏற்றம் ஏறினால் போதும், சதுர ஓட்டை வட்டமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

ஏற்றிய பின் பின்பக்கமாகக் குனிந்து பாருங்கள். செயின்ரிங்குக்கும் ஃப்ரேமின் பின்குழாய்க்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது தெரிய வேண்டும். இல்லையென்றால் பிபி தண்டின் நீளம் போதவில்லை. 113, 118, 122.5 என்று பல நீளங்களில் கிடைக்கும். முன்னால் இரண்டு செயின்ரிங் உள்ள மாடலில் செயினை ஒரு ரிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முன் டீரெய்லரையும் கீழே இறக்க வேண்டும். அதன் வெளித்தகடு பெரிய ரிங்கின் பல்லுக்கு மேலே 1 முதல் 3 மி.மீ.க்குள் நிற்கட்டும்.

கை எட்டுவது

சீட்டை முன்னுக்குத் தள்ளி ஹேண்டில்பாரை எட்டுவது குறுக்கு வழி. எட்டும், ஆனால் முழங்கால் பெடலுக்கு முன்னால் போய்விடும். சீட்டை முழங்காலுக்காக வைத்துவிட்டு, எட்டுவதற்கு ஸ்டெம்மை மாற்றுங்கள். 70 மி.மீ. ஸ்டெம்மை எடுத்துவிட்டு 45 போட்டால் 25 மி.மீ. கிட்டே வரும், ஸ்டியரிங்கும் சுறுசுறுப்பாகும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் முடிகிற காரியம். ஹேண்டில்பார் உயரமாகத் தோன்றினால் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம், கோணம் கீழே பார்க்கும். மாட்டும்போது முதலில் மேல் மூடியின் போல்ட், ஹெட்செட் (ஸ்டியரிங் சுழலும் பேரிங்) ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும். அதற்குப் பிறகு ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள், 5 நியூட்டன் மீட்டர். வரிசையை மாற்றி, ஸ்டெம்மை இறுக்கிவிட்டு மேல் மூடியை எவ்வளவு திருகினாலும் ஆட்டம் போகாது; பலர் ஹெட்செட்டே கெட்டுவிட்டது என்று நினைப்பது இந்த இடத்தில்தான்.

ஹேண்டில்பார் அகலம் 720 என்றால் ஐந்தடி ஆளுக்கு அதிகம். உடனே அறுக்காதீர்கள். கிரிப், பிரேக், ஷிஃப்டர் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் 15 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் அறுங்கள். அறுத்த பாரை ஒட்ட முடியாது.

பிரேக் லிவர் இதைவிட முக்கியம், செலவும் இல்லை. லிவருக்கு அடியில் அல்லது முன்னால் ஒரு சின்ன ஆலன் திருகு இருக்கும், பெரும்பாலும் 2 அல்லது 2.5 மி.மீ. அதைத் திருப்பினால் லிவர் கிரிப்பை நோக்கி வரும். ஆள்காட்டி விரலின் முதல் கணு லிவரின் நுனிக் கொக்கியில் உட்கார வேண்டும். நுனியில் பிடித்தால்தான் பலம் கிடைக்கும், நடுவில் பிடித்தால் பாதி வீண். இதற்காக பிரேக்கையே கிரிப்பிலிருந்து உள்பக்கமாக 2, 3 செ.மீ. தள்ளி வைக்க வேண்டிவரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டு விரலால் எட்டி எட்டிப் பிடித்தபடி இறங்குகிறவருக்கு இருபதாவது வளைவிலேயே முன்கை கல்லாகிவிடும். ஒரு எச்சரிக்கை: ரொம்பக் கிட்டே கொண்டுவந்தால் பேட் தேயத் தேய லிவர் கிரிப்பைத் தொட ஆரம்பிக்கும். முழுப் பலத்தோடு அழுத்தும்போது லிவருக்கும் கிரிப்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் லிவரைத் திரும்பத் தள்ளுங்கள். லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் எண்ணெயில் காற்று இருக்கிறது, பிளீட் பண்ணி அதை வெளியேற்றுங்கள்.

ட்ராப்பர்: ஆடம்பரம் இல்லை

குட்டையானவர்கள் சைக்கிளைப் பற்றிச் சொல்லும் முதல் புகார், "நின்றால் கால் எட்டவில்லை." உள்கால் 69 செ.மீ. என்றால், 0.883 ஆல் பெருக்கினால் பிபி நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை 61 செ.மீ. வர வேண்டும். பிபி தரையிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. சீட் குழாய் சாய்ந்திருப்பதால் அந்த 61, நேர் உயரத்தில் 58 ஆகும். மொத்தம் 88. ஷூவோடு சேர்த்துக் கால் 71, 72. பாதம் தரையில் பதிவதற்கு வழியே இல்லை. இது ஃப்ரேம் பெரிதானதால் வருவதில்லை. சரியாகப் பெடல் போட வேண்டுமானால் சீட்டு இந்த உயரத்தில்தான் இருந்தாக வேண்டும். தரை எட்டட்டும் என்று சீட்டை இறக்கி ஓட்டினால் முட்டி போகும்.

பொத்தானை அழுத்தினால் சீட்டு இறங்கும் ட்ராப்பர் போஸ்ட் இதற்குத்தான். 100 மி.மீ. இறங்கினால் 88 என்பது 78-க்கு வரும், முன்பாதம் ஊன்றலாம். போட்டியில் இறக்கம் இறங்குபவர்களுக்கான சாமான் என்று கடையில் சொல்வார்கள். ஐந்தடி ஆளுக்கு அது சிக்னலில் நிற்பதற்கே பயன்படும்.

ஆனால் எவ்வளவு இறங்குவதை வாங்குவது? இங்கேதான் காசு வீணாகும். சீட் குழாய் 39 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 610 மி.மீ.யில் 390 போனால் 220. சீட்டின் மேலிருந்து அதன் கம்பி வரை 48 மி.மீ. என்றால் மீதி 172. ட்ராப்பரின் கழுத்தும் கவ்வியும் சேர்ந்து 50 மி.மீ. எடுக்கும். ஆக 122. 120 மி.மீ. ட்ராப்பர் நூலிழையில் நுழையும், 125 நுழையாது, 150 கனவு. இப்போது 155 கிராங்கை நினைத்துப் பாருங்கள்: சீட்டு 15 மி.மீ. உயர்ந்ததால் 137 ஆகிறது, 125 தாராளமாகப் போகும். கிராங்கை முதலில் மாற்றிவிட்டு ட்ராப்பரை அளந்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது தடை குழாயின் உள்ளே. சின்ன ஃப்ரேமில் பாட்டில் ஹோல்டர் போல்ட்டின் முனையோ குழாயின் வளைவோ போஸ்ட்டை முழுக்க இறங்க விடாது. சாதாரண போஸ்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நேரான குச்சியை உள்ளே விட்டு எங்கே முட்டுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ட்ராப்பரின் நுழையும் நீளம் அதற்குள் அடங்க வேண்டும். போஸ்ட்டின் தடிமன் 27.2, 30.9, 31.6 என்று அதிலேயே பொறித்திருக்கும். அளவு இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், வாங்கிய பிறகும் இறங்கும் தூரத்தைக் குறைக்க முடிகிற மாடலைத் தேடுங்கள். ஒன்அப் வி2-ல் உள்ளே துண்டு வைத்து 10 அல்லது 20 மி.மீ. குறைக்கலாம். பிஎன்டபிள்யூ ரெய்னியரின் மூன்றாம் தலைமுறையில் ஐந்து ஐந்து மி.மீ.யாக 30 வரை. மார்லினின் மூன்றாம் தலைமுறை ஃப்ரேமில் கேபிள் உள்ளே போக வழி இருக்கிறது. பழையதில் இல்லையென்றால் வெளிக் கேபிள் மாடல் எடுக்க வேண்டும்; தயவுசெய்து சீட் குழாயில் டிரில்லர் வைக்காதீர்கள்.

ட்ராப்பருக்குக் காசு இல்லாதவர்கள், சாதாரண போஸ்ட் மிக நீளமாக இருந்து சீட்டு இறங்கவில்லை என்றால் போஸ்ட்டின் அடியை அறுத்துக் குட்டையாக்கலாம். ஓட்டும் உயரத்தில் 10 செ.மீ.யாவது குழாய்க்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி.

மற்றவை

டயர் பக்கவாட்டில் 35 முதல் 65 பிஎஸ்ஐ என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கடையில் 50 அடித்துக் கொடுப்பார்கள். 48 கிலோ ஆளுக்கு அது செங்கல். எழுதியிருக்கும் குறைந்தபட்சத்தில் தொடங்குங்கள். அதற்குக் கீழே போக அனுமதிக்கும் 2.25 டயர் போட்டால் முன்னால் 24, பின்னால் 27 என்று வைத்து, ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு கூட்டுங்கள். செலவில்லாத மேம்பாடு என்றால் இதுதான்.

எடை ஒரு குறை. மார்லின் 5 ஏறக்குறைய 14 கிலோ. 75 கிலோ ஆளுக்கு அது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 48 கிலோ ஆளுக்கு முப்பது சதவீதத்தைத் தொடும். தோளில் தூக்கி மாடிப்படி ஏறும்போது தெரியும்.

பட்ஜெட் இவ்வளவு இல்லாதவர்கள் டெகத்லானின் ராக்ரைடரில் எஸ் அளவைப் பாருங்கள், 27.5 சக்கரம், கடைக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க விடுவார்கள். ஃபோர்க்கிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஜயண்டின் பெண்கள் பிராண்டான லிவ் செய்யும் டெம்ப்ட் கிடைத்தால் அதுவும் நல்ல ஃப்ரேம். ஆண்களும் ஓட்டலாம், பெடலுக்கு அது தெரியாது. 145 செ.மீ.க்குக் கீழே உள்ளவர்கள் எக்ஸ்எஸ்ஸில் கஷ்டப்படுவதைவிட, டிஸ்க் பிரேக்கும் காற்று ஃபோர்க்கும் உள்ள நல்ல 24 அல்லது 26 அங்குலச் சிறுவர் எம்டிபியை எடுப்பது புத்திசாலித்தனம். கிராங்க் ஏற்கெனவே குட்டையாக இருக்கும், ஃபோர்க்கும் எடை குறைந்தவருக்கானது.

பழைய சைக்கிள் சந்தையில் 26 அங்குலச் சக்கரத்தோடு வரும் தரமான எம்டிபிகளை "அவுட்டேட்டட்" என்று தள்ளி விலை குறைத்துக் கேட்கலாம். குட்டையானவருக்கு அது லாபம், 14, 15 அங்குல ஃப்ரேம் சிக்கினால் விடாதீர்கள். டயர் மாற்றும்போது மட்டும் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். எம்டிபி ரிம்முக்கு வேண்டியது 559. நம்மூர் லேடீஸ் சைக்கிளுக்கான 26 × 1 3/8 டயரில் 590 என்று இருக்கும். பேர் இரண்டுக்கும் 26 தான். ஆனால் 31 மி.மீ. பெரிசாக இருப்பதால் ரிம்மில் தொளதொளவென்று நிற்கும், காற்றடித்ததும் கழன்று வந்துவிடும்.